தேதி தெரிந்த தேவை: தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும்

தானமாக வந்த ரத்தப் பையை ரத்த வங்கியின் மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுழற்றினால், சிவப்பணுக்கள் கனத்து அடியில் தங்கும். மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே தெளியும். அடியில் தங்கியதை நம்பித் தலசீமியாக் குழந்தை உயிர் வாழ்கிறது. மேலே தெளிந்ததில் ஹீமோஃபிலியா உள்ளவருக்கு வேண்டிய உறைபுரதம் இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் கொடுத்த ஒரே பை இரண்டு நோயாளிகளுக்கும் பயன்படுகிறது.

இரண்டும் பிறவியிலேயே வரும் ரத்தக் கோளாறுகள். இரண்டுக்கும் வாழ்நாள் முழுக்க மருத்துவம் தேவை. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டையும் ஒரே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனாலும் சிகிச்சைக்கான பொருள் இந்த இரு வீடுகளுக்கும் வந்துசேரும் வழி ஒன்றல்ல. ஒன்று பக்கத்துத் தெருக்காரரின் கையிலிருந்து வருகிறது; மற்றது பெரும்பாலும் தொலைதூரத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. இந்த இரு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். இரண்டு நோய்களிலும் அடுத்த ஆண்டு எவ்வளவு பொருள் தேவைப்படும் என்பதை இன்றே கணக்கிட்டுவிடலாம். ஆனால் நம் ஏற்பாடுகள் இரண்டையும் இன்னும் திடீர் அவசரமாகவே நடத்துகின்றன. அந்த இடைவெளியில் சிக்கித் தவிப்பவை குடும்பங்கள்.

நோயின் காலக்கணக்கு

தலசீமியா மேஜரில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உடலால் போதிய அளவு உண்டாக்க முடிவதில்லை. தாயும் தந்தையும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பிறந்த சில மாதங்களில் குழந்தை வெளிறத் தொடங்கும்; பால் குடிப்பதற்குள்ளேயே களைத்துவிடும். அதன் பிறகு இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். சைப்ரஸைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுத் தலசீமியாக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல்படி, ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் 9.5 கிராமுக்குக் கீழே போக விடக் கூடாது. அதற்குக் கீழே போனால் எலும்பு மஜ்ஜை தன் சக்திக்கு மீறி வேலை செய்யும். முக எலும்புகள் புடைக்கும், மண்ணீரல் வீங்கும், வளர்ச்சி தேங்கும். ஆகவே தலசீமியாவின் தேவை காலண்டரில் குறித்துவைக்கக்கூடியது. இன்று ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு அடுத்த முறை எப்போது தேவைப்படும் என்பது இன்றே தெரியும்.

ஹீமோஃபிலியாவில் ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் ஒன்று குறைவு. எட்டாம் ஃபேக்டர் குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ. ஒன்பதாம் ஃபேக்டர் குறைந்தால் பி. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாய் சுமக்க, பெரும்பாலும் மகனுக்கு நோய் வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் யாருக்குமே முன்பு இருந்திராது. ஃபேக்டர் அளவு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அது கடுமையான வகை. அவர்களுக்கு அடிபட வேண்டும் என்பதில்லை. இரவு நன்றாகத் தூங்கப்போன பையன் காலையில் முழங்கால் வீங்கி எழுவான். மூட்டுக்குள் திரும்பத் திரும்பக் கசியும் ரத்தம் குருத்தெலும்பை அரிக்கிறது. பத்து, பன்னிரண்டு வயதுக்குள் கால் மடங்கி நிமிர முடியாமல் போன பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கொடுமை தெரியும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நேரெதிர். தலசீமியா நாள் சொல்லிவிட்டு வருகிறது. ஹீமோஃபிலியா சொல்லாமல் வருகிறது. ஆனால் ஹீமோஃபிலியாவின் இந்தத் திடீர்த்தன்மை மாற்ற முடியாத விதி அல்ல. ஸ்வீடனின் மால்மோ நகரில் இங்கா மேரி நில்சன் 1958-லேயே, கசியும்வரை காத்திராமல் முறைப்படி ஃபேக்டர் செலுத்தத் தொடங்கினார். கொஞ்சமாவது ஃபேக்டர் இருப்பவர்களின் மூட்டுகள் அவ்வளவாகச் சிதைவதில்லை என்ற கவனிப்பே அதற்கு அடிப்படை. 2007-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதை உறுதிசெய்தது: ஒருநாள் விட்டு ஒருநாள் முன்கூட்டியே ஃபேக்டர் பெற்ற சிறுவர்களில் 93 சதவீதத்தினருக்கு ஆறு வயதில் மூட்டுகள் நன்றாக இருந்தன, கசிந்தபின் பெற்றவர்களில் அது 55 சதவீதம்தான். அதாவது, ஹீமோஃபிலியாவையும் தலசீமியாவைப் போலத் தேதி குறித்துக் கவனிக்கும் நோயாக மாற்றிக்கொள்ளலாம்.

எவ்வளவு வேண்டும்?

இருபது கிலோ எடையுள்ள இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தலசீமியாக் குழந்தைக்கு ஒருமுறைக்கு ஏறத்தாழ ஒரு பை சிவப்பணு போதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்குப் பதினேழு, பதினெட்டுப் பைகள். ஓர் ஆண் கொடையாளர் தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு நான்கு முறைதான் கொடுக்கலாம். ஆக, இந்த ஒரு குழந்தைக்கு ஐந்து நிரந்தரக் கொடையாளர்கள் வேண்டும். வளர்ந்து ஐம்பது கிலோ ஆனால் தேவை இரட்டிப்பாகும்.

இத்துடன் முடியவில்லை. ஒவ்வொரு பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் நாளொன்றுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராமுக்கு மேல் வெளியேற்றாது. பதினேழு பைகளில் 3,400 மில்லிகிராம் சேர்கிறது. நலமான ஒரு பெரியவரின் உடல் முழுவதிலும் இருக்கும் இரும்பே மூன்று முதல் நான்கு கிராம்தான். ஓராண்டுச் சிகிச்சை ஒரு முழு மனித உடலின் இரும்பைக் குழந்தைக்குள் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அது இதயத்திலும் ஈரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படியும். எனவே இரும்பு நீக்கும் மருந்து ரத்தத்துக்குச் சமமான தேவை. டெஃபெராசிராக்ஸ் மாத்திரை என்றால் இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 600 மில்லிகிராம், ஒருநாள் விடாமல்.

ஹீமோஃபிலியா ஏ உள்ள குழந்தையின் கணக்கு வேறு. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு யூனிட் செலுத்தினால் ரத்தத்தில் எட்டாம் ஃபேக்டர் இரண்டு சதவீதம் உயரும். மூட்டுக் கசிவுக்கு நாற்பது சதவீதம் உயர்த்த 400 யூனிட் வேண்டும். 500 யூனிட் குப்பி ஒன்று. முன்தடுப்புக்கு, உலக ஹீமோஃபிலியாக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள குறைந்த அளவு முறையில் கிலோவுக்குப் பத்து யூனிட் வீதம் வாரம் இருமுறை கொடுத்தால், 250 யூனிட் குப்பிகள் ஆண்டுக்கு 104. அதாவது 26,000 யூனிட். பணக்கார நாடுகளின் முறைப்படி கிலோவுக்கு 25 யூனிட் வீதம் வாரம் மூன்று முறை என்றால் 78,000 யூனிட். முதல் அளவு நம் சக்திக்கு எட்டாததல்ல.

குப்பி இல்லாத இடத்தில் ரத்த வங்கியின் கிரையோபிரெசிபிடேட்தான் கதி. 1960-களின் நடுவில் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஜூடித் பூல் கண்டறிந்தது அது. உறைந்த பிளாஸ்மாவை மெல்ல உருக்கும்போது அடியில் தங்கும் வீழ்படிவு. ஒரு பையில் ஏறக்குறைய 80 யூனிட் எட்டாம் ஃபேக்டர்தான் இருக்கும். இந்தக் குழந்தையின் ஒரு மூட்டுக் கசிவுக்கு ஐந்து பை, ஐந்து கொடையாளர்கள். அதில் வைரஸை அழிக்கும் செயல்முறையும் இல்லை. ஒன்பதாம் ஃபேக்டர் அதில் இல்லாததால் பி வகையினருக்கு அது உதவவே உதவாது.

வரும் வழி

ரத்தத்தைத் தொழிற்சாலையில் செய்ய முடியாது. பணத்துக்கு விற்கவும் முடியாது. உச்ச நீதிமன்றத்தின் 1996-ம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து 1998-லிருந்து தொழில்முறை ரத்தக் கொடையாளர்கள் இந்தியாவில் தடைசெய்யப்பட்டார்கள். நல்ல முடிவு. ஆனால் அது விட்டுச்சென்ற வெற்றிடத்தைத் தன்னார்வக் கொடை முழுமையாக நிரப்பவில்லை. பல இடங்களில் நோயாளியின் உறவினர்களிடமே பதில் ரத்தம் கேட்கப்படுகிறது. விபத்தில் அடிபட்டவருக்கு ஒருமுறை அப்படிக் கேட்டால் சமாளிப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க வேண்டியிருக்கும் குழந்தையின் தகப்பன் யாரிடம் போய் நிற்பான்? மாமன், மச்சான், அலுவலக நண்பர்கள் என்று ஒரு வட்டம் ஓராண்டில் தீர்ந்துபோகும். பிறகு வாட்ஸ்ஆப் குழுக்களில் 'அவசரம்' என்று போட வேண்டும். அரசு ரத்த வங்கிகளில் இவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய ஆறுதல். ஆனால் கட்டணமில்லாமை ரத்தம் இருப்பில் இருப்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

ரத்தத்தின் இன்னொரு சிக்கல் அதன் ஆயுள். இரண்டு முதல் ஆறு டிகிரி குளிரில் வைத்தாலும் சிவப்பணுப் பை அதிகபட்சம் 42 நாள்தான். கல்லூரிகள் நடக்கும் மாதங்களில் முகாம்களில் குவிவதைக் கோடை விடுமுறைக்குச் சேமித்துவைக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் கொடையாளர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். குழந்தையின் ஹீமோகுளோபின் விடுமுறை பார்க்காமல் இறங்கும். 2020 ஊரடங்கில் இதன் உச்சத்தைக் கண்டோம்.

ஃபேக்டர் இதற்கு மாறானது. பொடியாக உலர்த்திய குப்பி குளிர்ப்பெட்டியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், வாங்கி இருப்புவைக்கலாம். அதன் இடர்ப்பாடு விலையும் கொள்முதலும். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைச் சேர்த்துப் பிரித்தெடுப்பதும், மரபணுத் தொழில்நுட்பத்தால் உண்டாக்குவதும் செலவு மிகுந்த வேலைகள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் ஃபேக்டர் விலையின்றி வழங்கப்படுகிறது. தனி ஒரு குடும்பத்தால் எண்ணிப் பார்க்கவே முடியாத செலவை அரசு ஏற்றிருக்கிறது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். 1983-ல் தொடங்கிய இந்திய ஹீமோஃபிலியாக் கூட்டமைப்பின் கிளைகளும், உலகக் கூட்டமைப்பு 1996-லிருந்து நடத்தும் நன்கொடைத் திட்டமும் பற்றாக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆனால் ஒப்பந்தப்புள்ளி தாமதமானாலோ குறிப்பிட்ட அளவுக் குப்பி தீர்ந்தாலோ மாவட்டம் முழுக்க ஒரே நாளில் வறண்டுவிடும். நன்கொடையாக வரும் குப்பிகள் எப்போது, எத்தனை வரும் என்பதும் பெறுபவர் கையில் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், ரத்தம் பல சிறு ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று வற்றினாலும் இன்னொன்று இருக்கும், ஆனால் தேக்கிவைக்க முடியாது. ஃபேக்டரைத் தேக்கிவைக்கலாம், ஆனால் ஊற்று ஒன்றிரண்டுதான். முன்னதற்கு மனிதர்களின் ஒழுங்கு வேண்டும். பின்னதற்குக் கொள்முதலின் ஒழுங்கு வேண்டும்.

வீடும் மருத்துவமனையும்

இரும்பு நீக்கத்தின் வரலாறு ஒரு நல்ல பாடம். 1960-களில் வந்த டெஃபெராக்சமின் ரத்தத்தில் சில நிமிடங்களே தங்கும். அதனால் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி குத்தி, சிறு பம்பு வழியாக இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து முதல் ஏழு இரவுகள் செலுத்த வேண்டியிருந்தது. ஒவ்வோர் இரவும் குழந்தைக்கு ஊசி குத்திய தாய்மார்கள் எத்தனையோ பேர். பம்பு வாங்க முடியாதவர்கள் அதைவிட அதிகம். 1990-களின் நடுவில் டெஃபெரிப்ரோன் என்ற வாய்வழி மருந்துக்கு உலகிலேயே முதலில் உரிமம் கிடைத்தது இந்தியாவில்தான். 2005-ல் டெஃபெராசிராக்ஸ் வந்தபின் நாளுக்கு ஒருமுறை மாத்திரை என்றாயிற்று. சிகிச்சையின் பாதி, இரும்பு நீக்கும் பாதி, முழுமையாக வீட்டுக்கு வந்துவிட்டது. மற்றப் பாதியான ரத்தம் ஏற்றுதல், பொருத்தம் பார்த்து, கண்காணித்து, மருத்துவமனையில்தான் நடந்தாக வேண்டும்.

ஹீமோஃபிலியாவில் நிலைமை தலைகீழ். ஃபேக்டரை வீட்டிலேயே செலுத்தலாம். பொடியை நீரில் கரைத்து, பட்டர்ஃப்ளை ஊசியால் நரம்பில் செலுத்தப் பெற்றோர்களும் வளர்ந்த பிள்ளைகளும் கற்றுக்கொள்கிறார்கள். கசிவு தொடங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் மூட்டு பெரும்பாலும் தப்பும். ஆனால் நம் ஊரில் குப்பி பெரும்பாலும் மருத்துவமனைக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. மூட்டு எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில் வீங்கிக்கொண்டிருக்கிறது. வீங்கிய காலோடு பேருந்து ஏறி, இரண்டு பேருந்து மாறி, சீட்டு எழுதி, வார்டில் காத்திருந்து ஊசி போடும்போது மாலையாகிவிடும். அந்த மணிநேரங்களில் ஏற்படும் சேதத்தை அடுத்த நாள் எத்தனை குப்பி போட்டாலும் திருப்ப முடியாது.

மருத்துவமனையில்தான் நடக்க வேண்டியது தலசீமியாவின் ரத்தமேற்றம். அதற்கான ரத்தத்தைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறோம். வீட்டில் இருக்க வேண்டியது ஹீமோஃபிலியாவின் ஃபேக்டர். அதை மருத்துவமனையில் பூட்டிவைக்கிறோம். இந்த ஒப்பீட்டிலிருந்து எனக்குக் கிடைக்கும் முக்கியமான முடிவு இதுதான்.

பாதுகாப்பின் விலை

குழந்தைக்கு உயிர் தரும் பொருளே நோயையும் கொண்டுவரலாம் என்ற அச்சம் இரு தரப்புக்கும் பொது. 1970-களிலும் 80-களிலும் பல்லாயிரம் பேரின் பிளாஸ்மாவைக் கலந்து செய்த ஃபேக்டர் குப்பிகள் வழியாக எச்ஐவியும் ஹெப்படைட்டிஸ் சி-யும் ஒரு தலைமுறை ஹீமோஃபிலியா நோயாளிகளையே வாரிக்கொண்டு போயின. பிரிட்டனில் அசுத்த ரத்தத்தாலும் ரத்தப் பொருள்களாலும் முப்பதாயிரம் பேருக்கு மேல் தொற்று ஏற்பட்டதையும், அது தவிர்த்திருக்கக்கூடியது என்பதையும் பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை 2024 மே மாதம் பதிவுசெய்தது. அந்தப் பேரழிவுதான் வெப்பப் பக்குவத்தையும் பின்னர் 1990-களில் மரபணுத் தொழில்நுட்ப ஃபேக்டரையும் கொண்டுவந்தது. இன்றைய குப்பி பாதுகாப்பானது.

சிவப்பணுவைச் சூடுபடுத்திச் சுத்திகரிக்க முடியாது. கொடையாளரின் உடல்நிலை, பரிசோதனையின் நுட்பம் இவை இரண்டே அதற்குக் காவல். எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி, பால்வினைநோயான சிஃபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதனை கட்டாயம். ஆனால் தொற்று ஏற்பட்ட புதிதில் வழக்கமான சோதனைக்கு அது சிக்காத சில நாட்கள் உண்டு. வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனை அந்த நாட்களைக் குறைக்கும். அது எல்லா ரத்த வங்கிகளிலும் இல்லை. 2011-ல் குஜராத்தின் ஜூனாகட்டில் தொடர்ந்து ரத்தம் ஏற்றிவந்த தலசீமியாக் குழந்தைகள் 23 பேருக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பைகளை வாங்கிக்கொள்ளும் உடலுக்கு, பைக்குப் பை இருக்கும் சின்ன ஆபத்தும் கூடிக்கூடிப் பெரிதாகும். முதலில் நாட் சோதனை செய்த ரத்தம் யாருக்கு என்று கேட்டால், இந்தக் குழந்தைகளுக்கு என்பதே சரியான பதில்.

ஒன்றிலிருந்து மற்றொன்று கற்க வேண்டியவை

இரு நோய்களுக்கும் நிரந்தரத் தீர்வின் வாசல்கள் திறந்திருக்கின்றன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லிருந்தே தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று நடக்கிறது. அதே மருத்துவமனையில் ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை அளித்த முடிவுகள் 2024-ல் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தன. ஆனால் இவை எல்லோரையும் எட்ட நாளாகும். அதுவரை பையும் குப்பியும் மாத்திரையும்தான் வாழ்க்கை.

தலசீமியாவிடமிருந்து ஹீமோஃபிலியா கற்க வேண்டியது நாட்காட்டியை. கசிந்தபின் ஓடிவருவதை விட்டு, குறைந்த அளவு முன்தடுப்பையாவது எல்லாக் குழந்தைகளுக்கும் தொடங்க வேண்டும். எமிசிசுமாப் என்ற மருந்து இதை இன்னும் எளிதாக்கியிருக்கிறது. நரம்பு தேட வேண்டாம், தோலுக்கடியில் வாரம் ஒருமுறையோ நான்கு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டால் போதும். ஃபேக்டரை எதிர்க்கும் இன்ஹிபிட்டர் உண்டானவர்களுக்கும் அது வேலை செய்யும். கேரள அரசு தன் ஆஷாதாரா திட்டத்தின் கீழ் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இதை வழங்க 2024-ல் முடிவெடுத்தது. பக்கத்து மாநிலத்தால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஹீமோஃபிலியாவிடமிருந்து தலசீமியா கற்க வேண்டியது, பொருளைத் திரட்டும் பொறுப்பு நோயாளியுடையதல்ல என்ற தெளிவை. ஃபேக்டர் வாங்கிவரச் சொல்லித் தகப்பனை எந்த அரசு மருத்துவமனையும் அனுப்புவதில்லை. ரத்தத்துக்கு மட்டும் ஏன் அனுப்ப வேண்டும்? குடும்ப அட்டையில் எத்தனை பேர் என்று தெரிந்தால் ரேஷன் கடைக்கு எவ்வளவு அரிசி அனுப்புவது என்று தெரிந்துவிடுகிறது. அதுபோல ஒரு மருத்துவமனையில் பதிவான தலசீமியாக் குழந்தைகளின் எண்ணிக்கையும் எடையும் ரத்தப் பிரிவும் தெரிந்தால் ஆண்டுத் தேவையை மாதவாரியாக எழுதிவிடலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஐந்தாறு நிரந்தரக் கொடையாளர்கள் கொண்ட வட்டத்தை ரத்த வங்கியே அமைத்து, முறைவைத்து அழைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களுக்குக் கல்லூரிகளை நம்பாமல் அலுவலகங்கள், ஆலைகள், காவலர் குடியிருப்புகளை நோக்கிப் போக வேண்டும். ரத்தம் ஏற்ற வரும் நாளிலேயே அடுத்த வருகைவரைக்குமான மாத்திரையும் கொடுத்துவிட்டால் ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

இதற்கெல்லாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக விநியோகிப்பதில் நாட்டுக்கே முன்மாதிரி. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்குத் திரவப் பைகள் வீட்டுக்கே போகின்றன. அந்தக் கனமான பைகள் போகும் பாதையில் இரண்டு ஃபேக்டர் குப்பிகளும் ஒரு மாத மாத்திரைகளும் போகலாம். பயிற்சி பெற்ற குடும்பத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளக் குப்பி தருவது, போட்ட நாளையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதி வெற்றுக் குப்பியைத் திருப்பித் தந்தால் அடுத்ததைக் கொடுப்பது, இவை எளிய நடைமுறைகள். குப்பி வீணாகிவிடுமோ என்று தயங்குபவர்கள், மடங்கிப்போன ஒரு முழங்காலால் வீணாகும் படிப்பையும் வேலையையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று இந்த நோய்களில் தேதியை நினைவில் வைத்திருப்பவர், தேடி அலைபவர், கெஞ்சிக் கேட்பவர் எல்லாம் பெரும்பாலும் தாய்தான். அந்த வேலை அவரிடமிருந்து மருத்துவமனைக்கும் ரத்த வங்கிக்கும் கிடங்குக்கும் மாற வேண்டும். மருந்து இருக்கிறது, சட்டம் இருக்கிறது, விலையில்லாமல் தரும் மனமும் இருக்கிறது. பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கு எதிரே அடுத்த தேதியையும் அளவையும் எழுதி, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதுதான் பாக்கி.